மைக் பிடிக்க ஆசையா? முதல்ல காலேஜைச் சரியாப் பிடிங்க!

இடுப்பளவு தண்ணீர். கையில் மைக். பின்னால் பாதி மூழ்கிய கார். கொட்டுகிற மழையில் மூச்சு விடாமல் பேசி, கடைசியில் தன் பெயரையும் ஒளிப்பதிவாளர் பெயரையும் சொல்லி முடிக்கிற அந்த ஒரு விநாடி இருக்கே... அதைப் பார்த்துட்டுத்தானே நீங்களும் கண்ணாடி முன்னால் சீப்பை மைக்காகப் பிடிச்சுப் பேசிப் பார்த்தீங்க? பொய் சொல்லாதீங்க பாஸ்... நாங்களும் அப்படித்தான் ஆரம்பிச்சோம்!

ஆசை தப்பே இல்லை. ஆனால் அந்த ஆசையோடு ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மறுநாளே ஏதாவது ஒரு காலேஜில் போய்ப் பணத்தைக் கட்டுகிறீர்கள் பாருங்கள், அங்கேதான் சிக்கலே ஆரம்பம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு மே மாத இரவு. அருப்புக்கோட்டைப் பக்கமிருந்து தெரிந்த தம்பி ஒருவர் போன் செய்தார்.

"அண்ணே, சீட் கிடைச்சிருச்சு. நாளைக்குள்ள அம்பதாயிரம் கட்டணுமாம். அம்மா வளையலை அடகு வெச்சாச்சு. கட்டிரட்டுமா?"

"என்ன கோர்ஸ் தம்பி?"

"டி.வி. ஜர்னலிசம்ணே. நூறு சதவிகிதம் வேலைன்னு போட்டிருக்காங்க."

"ஸ்டுடியோவைப் பார்த்தியா?"

"பிரவுச்சர்ல பார்த்தேன்ணே..."

மறுநாள் காலை அந்தக் கல்லூரி வாசலில் இரண்டு பேரும் நின்றோம். பெயர் வேண்டாம். பளபளவென்று கட்டடம், வாசலில் நீரூற்று. "ஸ்டுடியோவைப் பார்க்கணும்" என்றதும் ரிசப்ஷனில் முகம் மாறியது. "சாவி வெச்சிருக்கிறவர் லீவு" என்றார்கள். விடாமல் உட்கார்ந்தோம். ஒரு மணி நேரம் கழித்துச் சாவி வந்தது. கதவைத் திறந்தால், செய்தி வாசிக்கிற மேஜை மேல் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலிகள் அடுக்கியிருந்தன. ஒரே ஒரு கேமரா. அதன் மேல் விரல் வைத்தால் கோலம் போடலாம், அவ்வளவு தூசி!

வெளியே டீக்கடையில் அதே கோர்ஸில் கடைசி வருடம் படிக்கிற பையனைப் பிடித்தோம். "மூணு வருஷத்துல நாலு தடவை கேமராவைத் தொட்டிருக்கேன்ணே. அதுல ரெண்டு தடவை ஆண்டு விழாவுக்கு" என்றான்.

தம்பி ஒன்றும் பேசவில்லை. அன்று சாயங்காலமே வளையலை மீட்டுவிட்டார். அப்புறம் அவர் என்ன ஆனார் என்பதைக் கடைசியில் சொல்றேன். அதற்கு முன்னால், அதே மாதிரி ஒரு வாசலில் நிற்கப் போகிற உங்களுக்காகக் கொஞ்சம் விஷயம்.

பெயரில்தான் இருக்கு வில்லங்கம்!

விஸ்காம், மாஸ் கம்யூனிகேஷன், எலெக்ட்ரானிக் மீடியா, ஜர்னலிசம்... எல்லாம் ஒன்றுதானே என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை.

விஷுவல் கம்யூனிகேஷன் என்பது காட்சி மொழியைக் கற்றுத் தருகிற படிப்பு. ஓவியம், புகைப்படம், விளம்பரம், டிசைன், அனிமேஷன், குறும்படம் என்று போகும். அதில் செய்தி எழுதுவது ஒன்றோ இரண்டோ பேப்பர்தான் இருக்கும். சினிமா கனவோடு வருகிறவர்களுக்கு இது சரியான இடம். செய்தியாளர் கனவோடு வருகிறவர், "எப்போ சார் ரிப்போர்ட்டிங் சொல்லித் தருவீங்க?" என்று மூன்று வருடமும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டி வரலாம்.

மாஸ் கம்யூனிகேஷன் கொஞ்சம் அகலமானது. தொடர்பியல் கோட்பாடு, மக்கள் தொடர்பு, விளம்பரம், இதழியல் எல்லாம் கலந்த கதம்ப சாதம். எலெக்ட்ரானிக் மீடியா என்றால் தயாரிப்பு நுட்பத்துக்கு எடை அதிகம்: கேமரா, ஒலி, எடிட்டிங். ஜர்னலிசம் என்று பெயர் இருந்தால்தான் செய்தி சேகரிப்பு, செய்தி எழுதுதல், எடிட்டிங், ஊடகச் சட்டம், அறநெறி ஆகியவை நடு மேடைக்கு வரும்.

அதனால் முதல் வேலை: கோர்ஸ் பெயரை மறந்துவிட்டு சிலபஸை வாங்குங்கள். ஆறு செமஸ்டருக்கும் உள்ள பேப்பர்களை ஒரு தாளில் எழுதுங்கள். செய்தி சம்பந்தப்பட்டவற்றைச் சிவப்பு பேனாவில் வட்டம் போடுங்கள். மூன்றோ நாலோ வட்டம்தான் தேறுகிறதா? அது நல்ல கோர்ஸாகக்கூட இருக்கலாம். ஆனால் உங்களுக்கான கோர்ஸ் இல்லை!

ஒரு ரகசியம் சொல்லட்டுமா?

வக்கீல் ஆக பார் கவுன்சிலில் பதிய வேண்டும். டாக்டர் ஆக மருத்துவ கவுன்சில் பதிவு வேண்டும். பத்திரிகையாளர் ஆவதற்கு நம் நாட்டில் அப்படி எந்த லைசென்ஸும் கிடையாது. ஜர்னலிசம் டிகிரி இல்லாவிட்டால் டி.வி.க்குள் நுழையவே முடியாது என்று சட்டமும் இல்லை.

"அப்போ எதுக்கு சார் படிக்கணும்?" கேளுங்க, கேளுங்க. படிப்பு உங்களுக்குக் கொடுப்பது மூன்று விஷயம். தப்பு செய்ய ஓர் இடம், திருத்த ஓர் ஆசிரியர், உள்ளே நுழைய ஓர் அறிமுகம். இந்த மூன்றும் இல்லாத காலேஜ் வெறும் சுவர்தான்.

இதில் இன்னொரு நல்ல செய்தியும் இருக்கிறது. இந்த முடிவை 17 வயதிலேயே எடுத்தாக வேண்டும் என்று கட்டாயமில்லை. நாட்டின் பெரிய இதழியல் நிறுவனங்கள் பலவும் எந்தப் பட்டம் படித்தவரையும் எடுத்துக்கொள்கின்றன. பொருளாதாரம், வரலாறு, தமிழ், சட்டம், அறிவியல்... எதையாவது மூன்று வருடம் உருப்படியாகப் படித்துவிட்டு, அதற்கு மேல் ஓராண்டு முதுநிலை டிப்ளமோவோ இரண்டாண்டு எம்.ஏ.வோ இதழியலில் சேரலாம். பட்ஜெட் நாளில் நிதிப் பற்றாக்குறை என்றால் என்ன என்று தெரிந்த நிருபருக்கு டெஸ்க்கில் எவ்வளவு மரியாதை தெரியுமா? "அந்தப் பொண்ணு எகனாமிக்ஸ்ப்பா, அவளையே கூப்பிடு" என்பார்கள். மைக் பிடிக்க ஆறு மாதத்தில் கற்றுக்கொள்ளலாம். பேசுவதற்கு விஷயம் வேண்டுமே!

எங்கே என்ன இருக்கு?

முதலில் சென்னை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் இதழியல் மற்றும் தொடர்பியல் துறை பழைய துறை. அண்ணா பல்கலைக்கழகத்தில் ஊடக அறிவியல் துறை இருக்கிறது. கூடவே அதே வளாகத்தில் அண்ணா எஃப்.எம். 90.4. 2004 பிப்ரவரி 1-ம் தேதி தொடங்கிய இதுதான் இந்தியாவின் முதல் வளாக சமுதாய வானொலி. லயோலா விஸ்காமுக்குப் பெயர் போனது என்று உங்களுக்கே தெரியும். எம்.ஓ.பி. வைஷ்ணவ், சென்னை கிறிஸ்தவக் கல்லூரி போன்ற இடங்களில் இளங்கலையிலேயே இதழியல் படிக்கலாம்.

டிகிரி முடித்தவர்களுக்குத் தரமணியில் ஏஷியன் காலேஜ் ஆஃப் ஜர்னலிசம். பெங்களூரில் தொடங்கி 2000-ல் சென்னைக்கு வந்த நிறுவனம். ஏஷியாநெட்டை நிறுவிய சசிகுமார்தான் இதன் பின்னணியில் இருப்பவர். முதுநிலை டிப்ளமோவில் தொலைக்காட்சிக்கென்று தனிப் பிரிவு உண்டு. பாடம் முழுக்க ஆங்கிலத்தில். கட்டணம் லட்சக்கணக்கில். தமிழிலும் ஆங்கிலத்திலும் கற்றுத்தர, தமிழ்நாடு அரசே 2025-ல் சென்னை இதழியல் கல்வி நிறுவனத்தைத் தொடங்கியது. அங்கே ஓராண்டு முதுநிலை டிப்ளமோ.

அதே தரமணியில் 1945-லிருந்து இயங்குகிற அரசுத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பெயரில் 'தொலைக்காட்சி' இருக்கிறதே என்று ஓடாதீர்கள். இயக்கம், ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு என்று அங்கே கற்றுத்தருவது திரைக்கலை. நியூஸ் கேமராமேன், எடிட்டர் ஆக ஆசை என்றால் பொருத்தம். நிருபர் ஆசை என்றால் முகவரி மாறிப் போச்சு!

சென்னைக்கு வெளியே? மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இதழியல் மற்றும் அறிவியல் தொடர்பியல் துறை இருக்கிறது. யு.ஜி.சி. உதவியில் இயங்கும் கல்வி ஊடக மையமும் அங்கே உண்டு. 1984-லிருந்து தூர்தர்ஷனில் வந்த 'கன்ட்ரிவைட் கிளாஸ்ரூம்' நிகழ்ச்சிக்குப் படம் தயாரித்த பரம்பரையைச் சேர்ந்த மையங்கள் இவை. நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார், கோவையில் பாரதியார், திருவாரூரில் மத்தியப் பல்கலைக்கழகம், புதுச்சேரிப் பல்கலைக்கழகம் எல்லாவற்றிலும் ஊடகத் துறைகள் உண்டு. புதுச்சேரியில் 'புதுவை வாணி' 107.8 என்ற சமுதாய வானொலி போனஸ்.

டில்லிக்குப் போகத் துணிச்சல் இருக்கா? 1965-ல் தொடங்கிய ஐ.ஐ.எம்.சி.யில் வானொலி - தொலைக்காட்சி இதழியலுக்கென்றே தனிப் படிப்பு. கேரளாவில் கோட்டயத்தில் அதன் கிளை இருக்கிறது. ஜாமியா மில்லியா இஸ்லாமியாவில் 1982-ல் அமைந்த ஏ.ஜே.கே. மாஸ் கம்யூனிகேஷன் ஆராய்ச்சி மையம். அதில் படித்துவிட்டு கேமராவோடு வந்தவர்கள் நாடு முழுக்க இருக்கிறார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் 2022-ல் வந்தது. எந்தப் படிப்புக்கு க்யூட், எதற்குத் தனித் தேர்வு என்பதை அந்தந்த வருட அறிவிப்பில் பார்த்துவிடுங்கள். விண்ணப்பத் தேதியைக் கோட்டை விட்டால் ஒரு வருடம் அம்பேல்!

வாசலில் நின்று கேட்க வேண்டிய 7 கேள்விகள்

ஒரு நாள் ஒதுக்குங்கள். அப்ளிகேஷன் வாங்குவதற்கு முன்னால் காலேஜை நேரில் போய்ப் பாருங்கள். கூச்சமே படாமல் இதையெல்லாம் கேளுங்கள்.

1. ஸ்டுடியோ திறந்திருக்கிறதா? 'இருக்கிறதா' என்பது கேள்வி இல்லை, 'திறந்திருக்கிறதா' என்பதுதான் கேள்வி. சாவி யாரிடம், மாணவர்கள் எத்தனை மணி வரை பயன்படுத்தலாம், சனிக்கிழமை உண்டா?

2. எத்தனை பேருக்கு ஒரு கேமரா? கேமரா, மைக், எடிட்டிங் கம்ப்யூட்டரை மாணவர்கள் எடுத்ததற்கு ஒரு பதிவேடு இருக்கும். அதைப் புரட்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். போன மாதம் எத்தனை கையெழுத்து என்று பாருங்கள். பிரவுச்சர் பொய் சொல்லும், பதிவேடு சொல்லாது.

3. மாணவர்களே செய்தித் தொகுப்பு தயாரிக்கிறார்களா? வாரம் ஒரு 10 நிமிட புல்லட்டின். காலையில் கூட்டம், மதியம் படப்பிடிப்பு, மாலை 5 மணிக்கு ஒளிபரப்பு என்று கடிகாரம் வைத்து நடக்கிறதா? டி.வி. வேலையின் உயிரே நேரம்தான். 5 மணிச் செய்தி 5.01-க்குத் தயாரானால் அது செய்தி இல்லை, பழைய சோறு. அந்தப் பதற்றத்தைக் காலேஜிலேயே பழக்கிவிடுகிற இடம்தான் நல்ல இடம்.

4. ஆசிரியர்களில் எத்தனை பேர் செய்தி அறையில் உட்கார்ந்தவர்கள்? நெட் தேர்வும் பிஎச்.டி.யும் பேராசிரியராகத் தேவை. அதைக் குறை சொல்ல வேண்டாம். ஆனால் எல்லோரும் புத்தகம் மட்டுமே என்றால் சிக்கல். மாதம் ஒரு முறையாவது வேலையில் இருக்கிற நிருபரோ எடிட்டரோ வந்து வகுப்பு எடுக்கிறாரா என்று கேளுங்கள்.

5. இன்டர்ன்ஷிப் யார் ஏற்பாடு? சில இடங்களில் "லெட்டர் தர்றோம், நீங்களே தேடிக்குங்க" என்பார்கள். சில இடங்களில் துறைத் தலைவரே சேனலுக்குப் போன் போட்டு அனுப்புவார். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருகிற உங்களுக்கு, டி.வி.யில் மாமா சித்தப்பா யாரும் இல்லாத உங்களுக்கு, இந்த வித்தியாசம் ரொம்பப் பெரிசு.

6. கடந்த மூன்று பேட்ச் எங்கே? போஸ்டரில் சிரிக்கிற ஒரே ஒரு பிரபலத்தை விடுங்கள். அவர் 15 வருடத்துக்கு முன் படித்தவராக இருப்பார். போன வருடம் முடித்த 40 பேரில் எத்தனை பேர் ஊடகத்தில் என்று கேளுங்கள். "நூறு சதவிகிதம்" என்று பதில் வந்தால், "அந்த லிஸ்ட் கிடைக்குமா மேடம்?" என்று பணிவாகக் கேளுங்கள். அப்போது வருகிற மௌனத்தைக் கவனியுங்கள்.

7. பட்டம் யார் தருகிறார்கள்? பட்டம் கொடுக்கும் உரிமை பல்கலைக்கழகங்களுக்கும் சட்டம் அங்கீகரித்த நிறுவனங்களுக்கும்தான். தனியார் பயிற்சி மையம் தருவது சான்றிதழ். சான்றிதழ் மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் அதை டிகிரி என்று நினைத்து மூன்று வருடம் ஓட்டாதீர்கள், பின்னால் அரசு வேலைக்கும் மேற்படிப்புக்கும் உதவாது. போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலை யு.ஜி.சி.யே வெளியிடுகிறது. ஐந்து நிமிட வேலைதான். பார்த்துவிடுங்கள்.

இன்னொன்று. "எங்க காலேஜ் நாக் ஏ ப்ளஸ்" என்பார்கள். சந்தோஷம்தான். ஆனால் அந்த மதிப்பெண் முழுக் கல்லூரிக்கும் சேர்த்து. கெமிஸ்ட்ரி லேப் பிரமாதமாக இருந்தால் உங்கள் கேமரா ஓடுமா என்ன?

ரேடியோ ஆசையா? ஒரு நிமிஷம்!

"எனக்கு ரேடியோவில் செய்தி படிக்கணும். எஃப்.எம்.ல சேர்ந்தா போதும்ல?" என்று கேட்கிற தோழிகள் நிறைய. போதாது தோழி. தனியார் எஃப்.எம். நிலையங்கள் சொந்தமாகச் செய்தி சேகரித்து ஒலிபரப்ப நம் நாட்டில் அனுமதி தரப்படவில்லை. 2011-ல் வந்த மூன்றாம் கட்ட விதிகளில்கூட, அகில இந்திய வானொலியின் செய்தி அறிக்கையை மாற்றாமல் அப்படியே தரலாம் என்ற அளவுக்குத்தான் தளர்த்தினார்கள். செய்திக்கு வழிவிடலாம் என்று டிராய் 2023-ல் பரிந்துரை செய்தது. ஆகவே ஆர்.ஜே. வேலை வேறு, வானொலி இதழியல் வேறு.

வானொலிச் செய்தி என்றால் நம் ஊரில் முதலில் நினைவுக்கு வருவது 1938-லிருந்து சென்னையில் ஒலிக்கிற அகில இந்திய வானொலிதான். அங்கே பகுதி நேரச் செய்தி வாசிப்பாளர், மொழிபெயர்ப்பாளர் பட்டியலுக்கு அவ்வப்போது அறிவிப்பு வரும். எழுத்துத் தேர்வு, குரல் தேர்வு இரண்டும் இருக்கும். உங்கள் ல, ள, ழ மூன்றும் மூன்று விதமாக ஒலிக்கிறதா? 'வாழைப்பழம்' என்று வேகமாகப் பத்து தடவை சொல்லிப் பாருங்கள். நாக்கு தகராறு செய்கிறதா? பயிற்சிதான் மருந்து. சமுதாய வானொலி உள்ள கல்லூரியில் சேர்ந்தால் இந்த மருந்து தினமும் இலவசம்.

தமிழா? இங்கிலீஷா?

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வேலை செய்யப் போவது தமிழ்ச் சேனலில். ஆனால் பாதிக் கல்லூரிகளில் பாடம் ஆங்கிலத்தில், தேர்வும் ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்துவிட்டு வந்தவர்கள் முதல் செமஸ்டரிலேயே துவண்டு போகிறார்கள். மறுபக்கம், ஆங்கிலத்தில் பொளந்து கட்டுகிற பையன் முதல் வேலையில் "ஆட்சியர் அலுவலகம்" என்பதில் எத்தனை ஒற்று என்று முழிக்கிறான்.

இரண்டும் வேண்டும். காரணம் எளிது. ஏஜென்சிச் செய்தி, கோர்ட் தீர்ப்பு, அரசாணை எல்லாம் டெஸ்க்குக்கு வருவது பெரும்பாலும் ஆங்கிலத்தில். அதை 20 நிமிடத்தில் தப்பில்லாத, வாய்விட்டுப் படிக்கக் கூடிய தமிழாக்குவதுதான் உதவி ஆசிரியர் வேலை. வாய்விட்டு என்பதை அடிக்கோடு போடுங்கள். பேப்பர் செய்தியைக் கண் படிக்கும், டி.வி. செய்தியைக் காது படிக்கும். 30 விநாடிச் செய்திக்கு 50, 60 சொற்கள்தான் கிடைக்கும். அதற்குள் யார், என்ன, எங்கே, எப்போது, ஏன், எப்படி எல்லாம் வந்தாக வேண்டும். தமிழில் செய்தி எழுத ஒரு பேப்பராவது இருக்கிறதா, தமிழில் தேர்வு எழுதலாமா என்று கேட்டுவிட்டுச் சேருங்கள். ஆங்கிலம் வராதே என்று ஒதுங்காதீர்கள். தினமும் ஒரு ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்கினால் மூன்று வருடத்தில் ஆயிரத்துக்கு மேல் வருகிறது. எந்த காலேஜும் அவ்வளவு தராது.

சென்னைக்கு வந்தே ஆகணுமா?

சென்னையின் ப்ளஸ் தெரிந்ததுதான். சேனல்களின் தலைமை அலுவலகங்கள் இங்கே. 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தூர்தர்ஷன், 1993 ஏப்ரல் 14-ல் சன் டி.வி., பிறகு 2011-ல் புதிய தலைமுறை, 2012-ல் தந்தி டி.வி., 2014-ல் நியூஸ் 7 தமிழ் என்று இந்தத் தொழில் வளர்ந்ததே இந்த ஊரில்தான். இன்டர்ன்ஷிப்புக்கு பஸ் பிடித்தால் போதும்.

ஆனால் செய்தி எங்கே நடக்கிறது? 2004-ல் சுனாமி அதிகம் பறித்தது நாகப்பட்டினத்தில். 2018 மே 22-ல் துப்பாக்கிச் சூடு நடந்தது தூத்துக்குடியில். அதே வருடம் நவம்பரில் கஜா புயல் தென்னையைச் சாய்த்தது டெல்டாவில். உலகமே திரும்பிப் பார்த்த அகழாய்வு கீழடியில். அந்த நாட்களில் சென்னை டெஸ்க்கே மாவட்ட நிருபரின் போனுக்காகக் காத்துக் கிடக்கும். உங்கள் ஊர்ப் பேச்சு, சாதிக் கணக்கு, கண்மாய்ச் சண்டை, கரும்பு நிலுவை எல்லாம் உங்களுக்குத் தெரியும். சென்னைப் பையனுக்குத் தெரியாது. அது உங்கள் மூலதனம். மதுரையிலோ நெல்லையிலோ ஒரு நல்ல துறை இருந்தால், ஹாஸ்டல் செலவு இல்லாமல் வீட்டுச் சோறு தின்றுகொண்டு படிப்பது கேவலமே இல்லை. கெட்டிக்காரத்தனம்.

பணம்... பணம்... பணம்

இதைப் பிரவுச்சர் பேசாது, நாம பேசுவோம். அரசு உதவி பெறும் கல்லூரி என்றதும் கட்டணம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். அதே கல்லூரியில் வரலாறு அரசு உதவியில் நடக்கும், ஊடகப் படிப்பு சுயநிதியில் நடக்கும். இரண்டு கட்டணத்துக்கும் மலைக்கும் மடுவுக்கும் வித்தியாசம். முதல் வருடக் கட்டணத்தை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். லேப் ஃபீஸ், புராஜெக்ட் செலவு, 'இண்டஸ்ட்ரியல் விசிட்' என்ற பெயரில் டூர் காசு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று எழுதி வாங்குங்கள்.

கடன் வாங்குகிறீர்களா? வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சம் வரை சொத்து ஜாமீன் கேட்பதில்லை. படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை திருப்பிக் கட்ட அவகாசமும் உண்டு. ஆனால் அந்த நாட்களுக்கும் வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். மறக்காதீர்கள். செய்தி அறையில் ஆரம்பச் சம்பளம் ஐ.டி. நண்பன் வாங்குவதில் பாதி இருந்தாலே பெரிய விஷயம். 2020 கொரோனா காலத்தில் ஊடகங்களில் பலர் வேலையை இழந்ததையும் நாம் பார்த்தோம். பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. மாதத் தவணையை அந்த ஆரம்பச் சம்பளத்தில் கட்ட முடியுமா என்று பேப்பரில் கணக்குப் போட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்கிறேன், அவ்வளவுதான். முடியாது என்றால் கனவை விட வேண்டாம். காலேஜை மாற்றுங்கள்.

முகம் ஒரு பிரச்னையா?

"நான் கறுப்பு, எனக்கு டி.வி. செட் ஆகுமா?" இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. ஒரு புல்லட்டினில் திரையில் தெரிவது ஒன்றிரண்டு முகம். அதற்குப் பின்னால் அசைன்மென்ட் டெஸ்க், உதவி ஆசிரியர், ரன்டவுன் போடுகிற தயாரிப்பாளர், கன்ட்ரோல் ரூம், எடிட்டர், கிராபிக்ஸ், டிக்கர் என்று ஒரு படையே இருக்கிறது. ஆங்கர் ஆகும் ஆசையை மட்டும் வைத்துக் காலேஜ் தேடாதீர்கள். அதற்காக ஆங்கர் ஆசையை விடவும் வேண்டாம். உங்கள் நிறத்தைப் பார்த்து "நீ டெஸ்க்குக்குப் போம்மா" என்று சொல்கிற ஆசிரியர் இருக்கிற காலேஜ் என்றால், அந்த காலேஜையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னிக்கே ஆரம்பிங்க!

அட்மிஷனுக்குக் காத்திருக்காமல் செய்யக்கூடியவை சில. உங்கள் தெருவில் குடிநீர் வராததை மொபைலில் ஒன்றரை நிமிடச் செய்தியாக எடுங்கள். தண்ணீர்க் குடத்தோடு நிற்கிற அக்காவிடம் பேட்டி, வாரிய அதிகாரியிடம் பதில், கடைசியில் நீங்கள் கேமராவைப் பார்த்துப் பேசும் 10 விநாடி. மொபைலைப் படுக்கை வசத்தில் பிடியுங்கள், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று பேசுங்கள். மாதம் ஒன்று எடுத்தால் வருடத்துக்கு 12. நுழைவுத் தேர்வின் நேர்முகத்தில் "ஏன் ஜர்னலிசம்?" என்று கேட்கும்போது, வசனம் பேசாமல் அதைப் போட்டுக் காட்டுங்கள். அங்கேயே பாதி சீட் உங்களுக்கு!

சரி, அருப்புக்கோட்டைத் தம்பி? ஊர்ப் பக்கத்திலேயே அரசு உதவி பெறும் கல்லூரியில் பி.ஏ. பொருளாதாரம் சேர்ந்தார். சனி, ஞாயிறுகளில் மொபைலும் கையுமாகக் கண்மாய் கண்மாயாகத் திரிந்தார். டிகிரி முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி, இதழியல் படித்து, இப்போது தென் மாவட்டம் ஒன்றில் நிருபர். முதல் லைவ் முடிந்த அன்று ராத்திரி போன் வந்தது.

"அண்ணே, பார்த்தீங்களா?"

"பார்த்தேன்டா. நல்லா இருந்துச்சு. அம்மா என்ன சொன்னாங்க?"

"அவ்வளவு பேரு பார்க்கிற டி.வி.ல வர்றே, சட்டையை இஸ்திரி போட்டிருக்கக் கூடாதான்னாங்கண்ணே!"

அம்மாக்கள் அப்படித்தான். நீங்கள் ஒன்று மட்டும் செய்யுங்கள். அவங்க வளையலைக் கழற்றுவதற்கு முன்னால், அந்த ஸ்டுடியோக் கதவைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள்.

ஆல் தி பெஸ்ட்!